ஊராட்சி வார்டு உறுப்பினர் ஆக நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஜனவரி 6ஆம் தேதி காலையில் எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் ஒன்பது பேர் வரிசையாக நின்று உறுதிமொழி எடுத்துக்கொண்டோம். அதில் எட்டுப் பேருக்கு, என்னையும் சேர்த்து, வார்டு உறுப்பினரின் வேலை என்ன என்றே தெரியாது. ஒன்பதாமவர் முன்பு ஒருமுறை இருந்தவர். அவரிடம் கேட்டோம். "கூப்பிட்டா போகணும், கையெழுத்துப் போடணும், அவ்ளோதான்" என்றார். 2025 ஜனவரி 5ஆம் தேதி எங்கள் பதவிக்காலம் முடிந்தபோது, அந்தப் பதில் ஊருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

அடுத்த தேர்தலில் நிற்க நினைக்கும் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இவை தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும் பொருந்தும். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளுக்குச் சட்டமே வேறு.

வார்டு மெம்பரும் கவுன்சிலரும் ஒன்றுதானா?

இல்லை. கிராமத்தில் இருப்பவருக்கு உள்ளாட்சித் தேர்தலில் நான்கு ஓட்டு. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஊராட்சி ஒன்றிய வார்டு உறுப்பினருக்கு ஒன்று, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒன்று. ஊரில் 'யூனியன் கவுன்சிலர்' என்று அழைப்பது மூன்றாமவரை. 2019 தேர்தலில் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று வாக்குச்சீட்டுகள் இருந்தன. நமக்கு வெள்ளை. ஒரே சாவடியில் இரண்டு வார்டுகள் வந்த இடத்தில் இன்னொரு வார்டுக்கு நீலம்.

மக்கள்தொகையைப் பொறுத்து ஓர் ஊராட்சியில் ஆறு உறுப்பினர்களும் இருக்கலாம், பதினைந்து பேரும் இருக்கலாம். உங்கள் வார்டு என்பது சில தெருக்கள்தான். ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பதவியின் பலமும் சங்கடமும் அதுதான்.

சம்பளம் உண்டா?

கிடையாது. கூட்டத்துக்கு வந்தால் சிறிய அமர்வுப்படி உண்டு. அதை நம்பி ஒரு நாள் கூலியை விடுகிறோம் என்று கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது. மாதத்தில் இரண்டு முழு நாட்களையும், தினமும் சாயங்காலம் அரை மணி நேரத்தையும் ஊருக்குக் கொடுக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவு எடுங்கள். பேசாமல் நின்று, ஆறே மாதத்தில் வீட்டுக்காரர்களின் முகம் சுளித்துப் போன உறுப்பினர்களைப் பார்த்திருக்கிறேன்.

யார் நிற்கலாம்? படிப்பு வேண்டுமா?

21 வயது முடிந்திருக்க வேண்டும். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அரசு ஊழியராக இருக்கக் கூடாது. ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வரியில் பாக்கி வைத்திருக்கக் கூடாது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டண ரசீதுகளை இப்போதே எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வேட்புமனு நேரத்தில் ரசீதைத் தேடி அலைவது பெரும் பாடு.

தமிழ்நாட்டில் படிப்புத் தகுதி எதுவும் வைக்கப்படவில்லை. ஹரியானாவில் வைத்தார்கள், உச்ச நீதிமன்றமும் 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. நம் மாநிலத்தில் அப்படி இல்லாதது நல்லது என்றே நினைக்கிறேன். எங்கள் மன்றத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மா இருந்தார். எந்தக் குழாயில் எந்த நேரத்தில் தண்ணீர் வரும், எந்த வால்வைத் திருகினால் எந்தத் தெருவுக்கு நின்றுபோகும் என்பது பொறியாளரைவிட அவருக்குத்தான் தெரிந்திருந்தது. கணக்கை ஒருவர் வாசித்துக் காட்டினால், தப்பு எங்கே என்று அவர்தான் முதலில் சொல்வார்.

கட்சியில் இருந்தால்தான் ஜெயிக்க முடியுமா?

கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் இரண்டு பதவிகளுக்கும் தேர்தல் கட்சி சார்பற்றது. கட்சிச் சின்னம் கிடையாது. தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் பட்டியலிலிருந்துதான் சின்னம் ஒதுக்குவார்கள். ஒன்றியத்திலும் மாவட்டத்திலும்தான் கட்சிச் சின்னம். நடைமுறையில் யார் எந்தக் கட்சி என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் முந்நூறு ஓட்டு உள்ள ஒரு வார்டில் கட்சியைவிட, சாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து நின்றவர் யார் என்பதுதான் எடுபடும்.

எவ்வளவு செலவாகும்?

வைப்புத்தொகை 200 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 100 ரூபாய். 2019இல் ஒரு வார்டு உறுப்பினர் வேட்பாளர் செலவு செய்ய அனுமதித்த உச்சவரம்பு 9,000 ரூபாய். தலைவர் வேட்பாளருக்கு 34,000. அடுத்த தேர்தலின் அறிவிப்பு வந்ததும் இந்தத் தொகைகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்தாலும் தோற்றாலும், முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைத்தே ஆக வேண்டும். தோற்றவர்கள்தான் இதைப் பெரும்பாலும் மறக்கிறார்கள். மறந்தால் மூன்று ஆண்டுகள் எந்த உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்க முடியாதபடி ஆணையம் தகுதிநீக்கம் செய்யலாம். இது புதிதாக முளைத்த கெடுபிடி இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரை மட்டுமல்ல, அவர் நெருங்கிய உறவினர் பெயரையும் குடவோலையில் இடக் கூடாது என்கிறது.

ஊரே கூடி ஒருவரை முடிவு செய்துவிட்டால்?

ஒரே ஒருவர் மனு கொடுத்துப் போட்டியின்றித் தேர்வாவது சட்டப்படி சரிதான். பதவியைப் பணத்துக்கு ஏலம் விடுவது குற்றம். "கோயிலுக்குத்தானே பணம் போகுது" என்று சொல்வார்கள். அந்தப் பணம் கொடுத்து வந்தவர் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்று யோசியுங்கள். அப்படி ஏலம் நடந்தால் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் எழுத்துமூலமாகப் புகார் கொடுக்கலாம். ஊர்க்கூட்டத்தை எதிர்த்து மனு கொடுப்பது எளிது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். துணைக்கு இரண்டு குடும்பங்கள் இருந்தால் துணிந்து கொடுங்கள்.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கணவர் வந்து பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. மன்றக் கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்தான் உட்கார வேண்டும். கணவர், மகன், மாமனார் யாருக்கும் அங்கே இடமில்லை.

தமிழ்நாட்டில் 2016இல் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் கொடுத்தார்கள். அதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு. அதன் பிறகு நடந்த தேர்தலில் கிராமங்களில் பாதிக்குப் பாதி பெண்கள் உறுப்பினர்களாக வந்தார்கள். ஆனால் கூட்டத்தில் பேச்சு பாதிக்குப் பாதி வரவில்லை. முதல் வருடம் எங்கள் மன்றத்தில் ஒரு பெண் உறுப்பினருக்குப் பதிலாக அவருடைய கணவர்தான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் அவர் ஊரில் இல்லாத ஒருநாள் அந்தப் பெண்ணே வந்தார். அன்றைக்கு அங்கன்வாடியின் கழிப்பறைக்குக் கதவில்லை என்பதை அவர்தான் சொன்னார். அத்தனை மாதமும் அவருடைய கணவர் அதைச் சொன்னதில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கவும் வழியில்லை. அடுத்த கூட்டத்தில் கதவுக்குத் தீர்மானம் போட்டோம். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு கூட்டத்தையும் விடவில்லை.

நீங்கள் பெண் வேட்பாளரானால் சுவரொட்டியில் உங்கள் படத்தைப் போடுங்கள். வாக்கு கேட்க நீங்களே வீட்டு வாசலுக்குப் போங்கள். ஊராட்சியிலிருந்து வரும் அழைப்புகள் உங்கள் கைபேசி எண்ணுக்கு வரட்டும். கணவரின் எண்ணை அலுவலகத்தில் கொடுத்தால் கூட்டத்துக்கான அழைப்பும் அவருக்குத்தான் போகும்.

நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். கூட்டத்தில் நாற்காலி தருவார்களா என்ற பயம் இருக்கிறது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1997 ஜூன் 30ஆம் தேதி மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். தனித்தொகுதியில் நின்று ஜெயித்ததுதான் அவர் செய்தது. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996இலிருந்து பத்து ஆண்டுகள் தேர்தலை ஒழுங்காக நடத்தவே முடியவில்லை. நடந்தாலும் வந்தவர் உடனே ராஜினாமா செய்தார். 2006இல்தான் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். அதற்குப் பின்னும் தரையில் உட்கார வைத்த சம்பவங்களும் கொடியேற்ற விடாத சம்பவங்களும் செய்தியில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

உங்கள் கையில் சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், ஊராட்சியின் தலைவராகவோ உறுப்பினராகவோ இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரை அவர்கள் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதையும் தடுப்பதையும் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. நாற்காலி மறுப்பது, கூட்டத்துக்கு அழைக்காமல் விடுவது, தீர்மானப் புத்தகத்தைக் காட்ட மறுப்பது, எது நடந்தாலும் தேதியோடு எழுதி வையுங்கள். முதல் சம்பவத்திலேயே ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். மற்ற உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் சக உறுப்பினர் நின்றுகொண்டிருந்தால் நீங்களும் எழுந்து நில்லுங்கள். அவருக்கு நாற்காலி வரும்வரை கூட்டம் தொடங்கக் கூடாது.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி இடம் உண்டா?

2025 ஏப்ரலில் சட்டமன்றம் ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக வைக்க வழி செய்தது. தேர்தலில் நிற்காமலே மன்றத்தில் உட்காரலாம். நியமனம் இருக்கிறதே என்று தேர்தலில் நிற்காமல் விட்டுவிட வேண்டாம். எல்லோரையும்போல நின்று ஜெயிக்கும் உரிமை அப்படியேதான் இருக்கிறது.

உண்மையில் வார்டு உறுப்பினருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

தனியாக ஒன்றும் இல்லை. ஒரு குழாய்க்கு ஆணையிட முடியாது, ஓர் ஊழியரை மாற்ற முடியாது, ஒரு ரூபாய் எடுக்க முடியாது. நிர்வாக அதிகாரம் தலைவரிடம். எழுத்து வேலை ஊராட்சிச் செயலரிடம். வேலைக்கு எஸ்டிமேட் போடுவதும் அளப்பதும் யூனியன் ஆபீஸின் பொறியாளரும் ஓவர்சியரும். மேற்பார்வை வட்டார வளர்ச்சி அலுவலர். இவர்கள் எல்லோருக்கும் மேலே, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பில் மாவட்ட ஆட்சியர்.

ஆனால் மன்றமாகக் கூடி உட்காரும்போது கதை மாறிவிடும். எந்த வேலையை எடுப்பது, எந்தச் செலவை ஏற்பது என்பதெல்லாம் மன்றத்தின் தீர்மானத்தால்தான் நடக்க வேண்டும். பெரும்பான்மை எதுவோ அதுதான் முடிவு. சமமாக நின்றால் தலைவரின் வாக்கு தீர்மானிக்கும். ஆறு பேர் மன்றத்தில் நான்கு பேர் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் எந்தத் தலைவராலும் அவர்களைத் தாண்டிப் போக முடியாது. அந்த நான்கு பேரும் படிக்காமல் வந்தால், அல்லது வராமலே கையெழுத்துப் போட்டால், தலைவர் ஒருவரே ஊராட்சி ஆகிவிடுவார். அதற்குத் தலைவரை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள். நான் எழுதியதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பதவிக்கு வந்த முதல் வருடம் நான் போட்டேன். சாயங்காலம் ஒருவர் பெரிய நோட்டோடு வருவார். "அண்ணே, கொரோனா நேரம், கூட்டம் போட முடியல. எல்லாரும் போட்டுட்டாங்க" என்பார். பக்கத்தின் மேல்பாதியில் தேதியும் உறுப்பினர் பெயர்களும் இருக்கும், கீழ்ப்பாதி காலியாக இருக்கும். நான் திண்ணையில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து, ஊர் வாக்காளர்கள் எல்லோரும் கூடும் கிராம சபை ஒன்றில், எங்கள் தெருவில் கட்டியதாகச் சொன்ன சாக்கடைக்கான செலவுக் கணக்கை வாசித்தார்கள். எங்கள் தெருவில் சாக்கடை இல்லை. ஒரு பெரியவர் எழுந்து, தீர்மானத்தைக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். மேல்பாதியில் என் கையெழுத்து. அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. "நீயுமாப்பா?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கத்தைச் சொல்கிறேன். கூட்டம் நடந்த இடத்தில், கூட்டம் முடிந்த பிறகு, எழுதி முடித்த தீர்மானத்தை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து. கடைசி வரிக்குக் கீழே இடம் இருந்தால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போடுவேன். ஒப்புக்கொள்ளாத பொருள் இருந்தால் "இந்தத் தீர்மானத்துக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்யவும்" என்று சொல்லி, அது எழுதப்பட்டதைப் பார்த்துவிட்டுப் போடுவேன். கைபேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்வேன். முதல் இரண்டு கூட்டத்தில் என்னைச் சந்தேகப் பேர்வழி என்றார்கள். மூன்றாவது கூட்டத்தில் இன்னும் இரண்டு உறுப்பினர்கள் கைபேசியை எடுத்தார்கள்.

கூட்டத்துக்குத் தொடர்ந்து வராமல் இருந்தால் பதவி பறிபோக இடமுண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கையெழுத்து வீட்டுக்கு வருகிறதே என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மக்கள் என்னென்ன கேட்டு வருவார்கள்?

எல்லாமே. பட்டா மாறுதல், ரேஷன் அட்டை, முதியோர் பணம், வாரிசுச் சான்று, சாய்ந்து நிற்கும் மின்கம்பம், நெடுஞ்சாலையில் பள்ளம், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாதது. இவற்றில் ஒன்றுகூட ஊராட்சியின் கையில் இல்லை. பட்டாவும் சான்றிதழும் முதியோர் ஓய்வூதியமும் வருவாய்த் துறை. ரேஷன் உணவு வழங்கல் துறை. கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரியும் தெருவிளக்கு மட்டும் ஊராட்சியுடையது. ஏரியில்கூடப் பிரிவு உண்டு: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம், ஊருணியும் குட்டையும் கிராம ஊராட்சியிடம்.

ஊராட்சியின் கட்டாயக் கடமைகள் 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆவது பிரிவில் இருக்கின்றன. குடிநீர், தெருவிளக்கு, ஊர்ச் சாலை, சிறு பாலம், வடிகால், துப்புரவு, பொதுக் கழிப்பறை, சுடுகாடு, இடுகாடு. பார்க்கச் சின்னப் பட்டியல். டேங்க் ஆபரேட்டர் இரண்டு நாள் வராவிட்டால் அது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

நமக்குச் சம்பந்தம் இல்லாததைக் கேட்டு வருபவரை "அது எங்க வேலை இல்லை" என்று அனுப்பிவிடாதீர்கள். எந்த அலுவலகம், எந்த மேசை, என்ன தாள் வேண்டும் என்று சொல்லி, முடிந்தால் மனுவை எழுதிக் கொடுங்கள். "முடிச்சுத் தரேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். மனு எழுதிக் கொடுத்தவரை ஊர் மறக்காது, வாக்குக் கொடுத்து ஏமாற்றியவரையும் மறக்காது.

ஊராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை நம் சொந்த வருமானம். பெரும்பாலான ஊர்களில் இது சொற்பம். மாநில நிதிக் குழு மானியம் ஒன்று வரும், மத்திய நிதிக் குழு மானியம் ஒன்று வரும். 2021 முதல் 2026 வரையிலான 15ஆவது நிதிக் குழுக் காலத்தில் மத்திய மானியத்தின் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டி வைத்திருந்தார்கள். மீதி 40 சதவீதம்தான் ஊரின் விருப்பத்துக்கு. திட்டங்களுக்கான பணம் தனித்தனிக் கணக்கில் வரும், ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட முடியாது.

மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஆகும் மின்கட்டணம் முதலில் போய்விடும். பிறகு பணியாளர் சம்பளம். மிச்சத்தில்தான் புதிய வேலை. இந்தக் கணக்கு மக்களுக்குத் தெரியாததால்தான் "கோடி கோடியா வருது, எல்லாம் முழுங்கிடுறாங்க" என்கிறார்கள். உங்கள் ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். நீங்கள் பார்த்து, இரண்டு இளைஞர்களுக்கும் பார்க்கக் காட்டிக் கொடுங்கள்.

கிராம சபையில் உறுப்பினரின் வேலை என்ன?

ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாட்கள் இருந்தன. பிறகு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறு ஆக்கினார்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். உங்கள் வார்டிலிருந்து இருபது பேர் வரவேண்டும் என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களுக்கு முந்தின நாளே பொருள் நிரலைச் சொல்லுங்கள். இல்லையென்றால் வந்து கையெழுத்திட்டுவிட்டு டீயோடு போய்விடுவார்கள்.

கிராம சபைத் தீர்மானத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மதுரை மாவட்டத்தைச் சொல்வேன். அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏல அனுமதி வந்தபோது 2024 நவம்பரில் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. தீர்மானம் மட்டுமே போதவில்லை. மக்கள் திரண்டு போராடினார்கள், சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊர் வேண்டாம் என்று சொன்னதற்கு எழுத்தில் சாட்சி கிராம சபையில்தான் உருவானது.

துணைத் தலைவர் பதவி கெளரவத்துக்கு மட்டும்தானா?

இல்லவே இல்லை. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் ஒப்புதலும் வேண்டும். அவரைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்களாகிய நீங்கள்தான், மக்கள் நேரடியாக இல்லை. பதவியேற்ற சில நாட்களிலேயே இந்தத் தேர்தல் வரும். 2020இல் எங்களுக்கு ஐந்தே நாளில் வந்தது. அந்த ஐந்து நாளில் விருந்து, வேன், சுற்றுலா என்று யாராவது கூப்பிடலாம். போகாதீர்கள். பில்லைப் படித்துக் கேள்வி கேட்டு ஒப்புதல் தரக்கூடியவர் யார் என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவரும் வேண்டாம், தலைவர்மீது உள்ள கோபத்தில் தண்ணீர் மோட்டார் பில்லுக்குக்கூட ஒப்புதல் தராமல் ஊரைக் காயப்போடுபவரும் வேண்டாம்.

தலைவரோடு ஒத்துப்போகவில்லை என்றால்?

முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தொடங்கினால் அது மானப் பிரச்சினை ஆகிவிடும். நடக்கவில்லையென்றால் கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், பிறகு ஆட்சியர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீங்களும் கேட்கலாம், உறுப்பினர் என்பதால் தடையில்லை. கடுமையான முறைகேடு என்றால் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டுக் குற்றச்சாட்டுகளோடு ஆட்சியரிடம் கொடுக்கலாம். சட்டத்தின் 205ஆவது பிரிவு அது. அதைத் தினசரி மிரட்டலாகப் பயன்படுத்தினால் ஐந்து வருடமும் சண்டையிலேயே போய்விடும், சாலை வராது.

ஊராட்சி கான்ட்ராக்ட் வேலையை நானே எடுக்கலாமா?

கூடாது. மச்சான் பெயரில் எடுத்துப் பின்னால் நிற்பதும் வேண்டாம். பதவிக்கே ஆபத்து.

ஜெயித்ததும் முதலில் என்ன செய்வது?

வார்டு முழுக்க நடந்து பாருங்கள், இரவில் ஒருமுறை, மழை பெய்த மறுநாள் ஒருமுறை. இரவில் எரியாத விளக்கு தெரியும், மழையில் தண்ணீர் தேங்கும் இடம் தெரியும். ஒரு நோட்டில் கம்பம், குழாய், வால்வு, கைப்பம்பு எல்லாவற்றையும் இடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் ஆபரேட்டரையும் தூய்மைக் காவலர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகுங்கள். ஊராட்சி நடப்பது அவர்கள் கையால்தான். பிறகு ஊராட்சிச் செயலரிடம் உட்கார்ந்து முந்தைய இரண்டு ஆண்டின் தீர்மானங்களைப் படியுங்கள். எந்த வேலை தீர்மானத்தில் மட்டும் இருக்கிறது, எது தெருவில் இருக்கிறது என்று ஒப்பிட்டாலே உங்கள் முதல் ஆண்டு வேலை தெரிந்துவிடும்.

இப்போது எங்கள் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை, தனி அலுவலர்தான். அடுத்த தேர்தல் வரை என்ன செய்யலாம்?

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த காஞ்சிபுரம், வேலூர், தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. 2016க்குப் பிறகும் இப்படித்தான் மூன்று ஆண்டுகள் உறுப்பினர்கள் இல்லாமலே போயின. அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு பல்பு மாற்ற யாரிடம் போவது என்றே தெரியாமல் இருந்தது.

கிராம சபை மட்டும் உறுப்பினர்களை நம்பி இல்லை. அதில் உட்கார வாக்காளராக இருந்தாலே போதும். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் சரியான வார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கிராம சபைக்கு ஒரு நோட்டோடு போய், முந்தின கூட்டத்தின் தீர்மானங்களை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்தவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். வேட்புமனு கொடுக்கும் நாளில் அந்த நோட்டையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.